முதல் தேர்வு

காலையில் நான் ஏலக்காரன்.
சூரையின் செவிளைத் தூக்கிப் பார்த்து
ஆயிரத்து இருநூறு, முந்நூறு, முந்நூற்றைம்பது என்று
தொண்டை கட்ட விளிப்பவன்.
சாயங்காலம் தெற்குத் தெரு அணியின் செயலாளர்.
இரண்டுக்கும் ஒரே நோட்டு.
முன்பக்கம் மீன், பின்பக்கம் ஆட்கள்.

பின்பக்கத்திலிருந்து வாசிக்கிறேன்:
மலப்புறம் ஸ்டாப்பர், ஒரு கிறிஸ்மஸ், எட்டாயிரம்.
திருச்சூர் கோலி, நாலாயிரம், கூடவே ஒரு ஜோடி கையுறை,
திரும்பி வரவில்லை.
கானா நாட்டு எம்மானுவேல், ஆட்டத்துக்கு ஆறாயிரம்,
பொரோட்டாவும் பீஃபும் கணக்கில் சேராது.

எம்மானுவேல் அடித்த அந்தக் கோல்!
வலை பின்னத் தெரிந்த ஊர் மொத்தமும்
ஒரு வலை குலுங்கியதற்காக எழுந்து நின்றது.
மறுநாள் விடியுமுன்
வந்த பையோடு களியக்காவிளை பஸ்ஸில் ஏறினான்.
அடுத்த வருடம் கொல்லங்கோட்டுக்காரன்
ஐந்நூறு கூடக் கொடுத்தான்.
எங்களுக்கெதிராக இரண்டு கோல் போட்டுவிட்டு
கூட்டத்தில் என் முகத்தைத் தேடிப் பிடித்து
கை கூப்பினான்.
அவன்மேல் வருத்தமில்லை.
விலை ஏறினால் சரக்கு கைமாறும்.
தினமும் அதைக் கூவி விற்பவனே நான்.

இந்த வருடம் கடைசி இடம்.
கடைசியில் வந்த அணிக்கு
பதினாறு முடிந்த பையன்களில் முதல் தேர்வு.
பங்குப் பேரவை போட்ட சட்டம்.
'நம்ம சட்டத்துல வேதத்துக்கு ஒத்து வாறது இது ஒண்ணுதான்'
என்று ஸ்டெல்லஸ் ஃபாதர் சிரிப்பார்.

பாரிஷ் ஹாலில் பதினொரு பேர் பெஞ்சில்,
முழங்காலைத் தடவிக்கொண்டு.
எவனுக்கும் விலை கிடையாது.
விலையில்லாத ஒன்றை எப்படிப் பார்ப்பதென்று
எனக்கு யாரும் பழக்கவில்லை.
றெஜினின் இடது காலை ஊரே அறியும்.
அவன் பாஸ்போர்ட்டையும் ஊரே அறியும்:
பெப்ரவரியில் பஹ்ரைன்.
ஜெனிஷ் ஓடுவான். நிற்கத் தெரியாது.
மற்றவர்களுக்குச் செவிள் தூக்கிப் பார்க்கவா முடியும்?

பொருளாளர் கிளாடிஸ் காதில் சொன்னாள்:
'நாப்பத்திரெண்டாயிரம் இருக்கு ஓய்.
மலப்புறத்துக்காரன் ரெண்டுபேரு சம்மதிச்சாச்சு.
இதுவ வளருறதுக்குள்ள நாம கெழடாயிருவோம்.'
வாங்கினவன் போய்விடுகிறானே என்றேன்.
'வளத்தவன் மட்டும் நிப்பானா?'
அதுவும் சரி.
ஒருவன் வளைகுடாவுக்கு, ஒருவன் நாற்பது நாள் தங்கலுக்கு.
இந்த மணலில் நிரந்தரமாக நிற்பது கோல்போஸ்ட்தான்.
அதையும் மூன்று வருடத்தில் உப்புக்காற்று தின்றுவிடும்.

பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒரு பெயர். ஆள் வரவில்லை.
பெர்க்மான்ஸ்.
ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.
தலையில் ஐஸ் பெட்டியோடு கரையேறி வந்தான்.
சின்னப் பிள்ளைகள் உதைத்த பந்து காலடிக்கு உருண்டது.
பெட்டி அசையவில்லை, சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.
குனியாமல் பந்தை நிறுத்தி
தனியாக நின்றிருந்த பொடியனுக்கு,
கத்தி அழைத்த எவனுக்குமில்லை, அவனுக்கு
தள்ளிவிட்டு நடந்தான்.

'பெர்க்மான்ஸ்' என்றேன்.
ஹால் சிரித்தது.
'அவன் லட்சத்தீவுக்கு அங்கோட்டு கெடக்கான்டே!'
கிளாடிஸ் பேனாவை மூடினாள், சத்தமாக.
றெஜினை வடக்குத் தெரு எடுத்துக்கொண்டது,
எடுத்த கையோடு கைதட்டியது.

வயர்லெஸ்ஸில் சொல்லி அனுப்பினோம்.
ஒரு போட்டு இன்னொரு போட்டுக்கு,
அது அடுத்ததுக்கு.
மூன்றாம் நாள் அதே வழியாகப் பதில் வந்தது,
இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ ஒருவர் குரலில்:
'எந்த டீமுன்னு கேக்கான்.
பொறவு, எத்தற ரூவான்னு கேக்கான்.'

இன்று காலை சூரை வந்திருக்கிறது.
ஆயிரத்து இருநூறு என்று தொடங்கினேன்.
நோட்டின் பின்பக்கம் பெர்க்மான்ஸ் என்று எழுதி
எதிரே வெறுமனே விட்டிருக்கிறேன்.
பதில் சொல்லி அனுப்ப வேண்டும்.
போட்டு இன்னும் மேற்கேதான் போகிறதாம்.